மோட்டார்ஹோம் என்ஜின் ஃபேன் இரைகிறதா? சத்தத்தை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் முழு வழிகாட்டி

ஏற்றம் தொடங்கிச் சில நிமிடத்தில், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து விமானம் கிளம்புவதுபோல ஓர் இரைச்சல் எழும். மேட்டைத் தாண்டியதும் தானாக அடங்கிவிடும். ஃபோர்டு எஃப்-53 சேஸியில் (என்ஜினும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டம்) கட்டிய மோட்டார்ஹோமை, அதாவது வீடுபோல வசதி கொண்ட வண்டியை, முதல் தடவை மலையில் ஓட்டுபவர்கள் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டுவது பெரும்பாலும் இந்தச் சத்தத்துக்குத்தான். பல வண்டிகளில் அது கோளாறே இல்லை, ஃபேன் தன் வேலையைச் செய்கிறது. இவ்வளவு வேலை அதற்கு ஏன் வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் நேராக ஃபேன் கிளட்சை (ஃபேனை என்ஜினோடு இணைத்தும் விடுவித்தும் தரும் பாகம்) மாற்றிவிடுவார்கள். புது கிளட்ச் போட்ட பிறகும் அதே இரைச்சல் வரும், ஏனென்றால் ரேடியேட்டருக்கு முன்னால் ஈசலும் தூசியும் அடைத்த அடைப்பு அப்படியே இருக்கிறது.

இந்த வழிகாட்டி முக்கியமாக முன்பக்க பெட்ரோல் என்ஜின் வண்டிகளுக்கானது. 6.8 லிட்டர் வி10 என்ஜின் வைத்த எஃப்-53, அதே என்ஜின் உள்ள ஈ-450 கிளாஸ் சி (வேன் முகப்பு கொண்ட) வண்டிகள், ஜிஎம் 8.1 லிட்டர் என்ஜின் வைத்த வொர்க்ஹார்ஸ் சேஸி ஆகியவற்றில் ஃபேன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பின்பக்க டீசல் என்ஜின் வண்டிகளின் கதை வேறு, அது கடைசியில் வருகிறது.

முதலில் ஃபேன் எப்படி வேலை செய்கிறது

இந்த வண்டிகளில் ஃபேனை மின்மோட்டார் சுற்றவில்லை. என்ஜின் பெல்ட் சுற்றுகிறது. நடுவில் ஒரு விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். அதன் உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய், முன்முகத்தில் சுருள் வடிவில் ஒரு பைமெட்டல் (இரு உலோகம் ஒட்டிய) பட்டை. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடேறினால் பட்டை திரும்பி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும், எண்ணெய் வேலை அறைக்குள் பாயும், கிளட்ச் பிடிக்கும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் திரும்பிப் போய், ஃபேன் வழுக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கிளட்ச் கூலன்ட்டின் சூட்டை அறியாது, தன் முகத்தில் படும் காற்றின் சூட்டைத்தான் அறியும். ஏசி கண்டென்சர், டிரான்ஸ்மிஷன் கூலர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், எது காற்றைச் சூடாக்கினாலும் ஃபேன் இரையும்.

சத்தம் ஏன் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது? ஃபேனின் சுற்று வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும், அது என்ஜினிலிருந்து உறிஞ்சும் சக்தி 8 மடங்காகும். ஏற்றத்தில் டவ்-ஹால் (ஏற்றத்துக்கும் இழுவைக்கும் தாழ்ந்த கியரைப் பிடித்து வைக்கும்) பொத்தான் போட்ட டிரான்ஸ்மிஷன் இரண்டு கியர் இறக்கினால் என்ஜின் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,000-க்கு மேல் போய்விடும். கிளட்சும் அதே நேரம் பிடித்திருந்தால் இரண்டும் சேர்ந்து முழங்கும். வி10 என்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடுவது கெடுதல் இல்லை, அதற்காகத்தான் அதைக் கட்டினார்கள்.

படி 1: எப்போது வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரைந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கினால் அது இயல்பு. இரவு முழுக்க நிற்கும்போது சிலிகான் எண்ணெய் வேலை அறைக்குள் இறங்கியிருக்கும், சுற்றச் சுற்ற வெளியே தள்ளப்படும். 5 நிமிடம் கழித்தும், என்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்தும் அடங்கவில்லை என்றால் கிளட்ச் இறுகிப் பூட்டிக்கொண்டது என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் என்ஜின் சூடேறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

ஏற்றத்தில் மட்டும் வந்து இறக்கத்தில் போனால் கிளட்ச் சரியாகத்தான் இருக்கிறது. போன வருடம் இரையாத அதே மேட்டில், அதே வெயிலில் இந்த வருடம் இரைந்தால் மட்டும் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆர்பிஎம் ஏற ஏறக் கூடும் கரகரப்பு, சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாமல் இருந்தால் அது பேரிங். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகல் மாறினால் பவர் ஸ்டியரிங் பம்ப், ஃபேன் இல்லை. குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால் அது எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு (என்ஜினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) கசிவு. இந்த வி10 என்ஜினில் மானிஃபோல்டு ஸ்டட்கள் துருப்பிடித்து உடைவது பலரும் அறிந்த நோய். அதை ஃபேன் சத்தம் என்று நினைத்துக் கிளட்சை மாற்றியவர்களும் உண்டு.

திடீரென்று எல்லாமே சத்தமாகிவிட்டது போலத் தோன்றினால், ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் மேடாக இருக்கும் என்ஜின் மூடியைப் பாருங்கள். அமெரிக்க ஓனர்கள் அதை டாக்ஹவுஸ் என்பார்கள். அதன் ரப்பர் கேஸ்கெட் நசுங்கியிருக்கலாம், கொக்கி சரியாக மாட்டாமல் இருக்கலாம். சர்வீஸுக்குக் கழற்றி மாட்டிய மறுநாளே சத்தம் கூடியது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். சூடான காற்று காலில் படுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

படி 2: உண்மையான வெப்பநிலையைப் படியுங்கள்

டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். ஃபோர்டு முள் அகலமான ஓர் எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது நகர்ந்தால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது. டாஷுக்கு அடியிலுள்ள 16 பின் ஓபிடி-2 (என்ஜின் தகவலைப் படிக்கும்) சாக்கெட்டில் ஒரு புளூடூத் ரீடரைச் செருகி, செல்போனில் கூலன்ட் வெப்பநிலை, ஆர்பிஎம், முடிந்தால் டிரான்ஸ்மிஷன் வெப்பநிலை மூன்றையும் பாருங்கள்.

சமவெளியில் 190 முதல் 205 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 88 முதல் 96 செல்சியஸ் இருந்தால் நல்லது. ஏற்றத்தில் 210 முதல் 220-க்குள் ஃபேன் இரையத் தொடங்கி, கூலன்ட் அதற்குமேல் ஏறாமல் நின்று மெல்ல இறங்கினால் அமைப்பு ஒழுங்காக இருக்கிறது. இரைச்சலுக்குப் பிறகும் 230-ஐத் தாண்டி ஏறினால் காற்றோட்டம், தெர்மோஸ்டாட், கூலன்ட் அளவு, ரேடியேட்டர் மூடி ஆகியவற்றில் ஏதோ ஒன்று தவறு. 225-க்கு மேலும் ஃபேன் இரையவே இல்லை என்றால் கிளட்ச் செத்துவிட்டது. இந்த மூன்றாவது வகைதான் ஆபத்தானது, ஏனென்றால் வண்டி அமைதியாக ஓடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

அதே மேட்டை ஏசி போட்டு ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஏசி இல்லாமல் இரைச்சல் கணிசமாகக் குறைந்தால் கண்டென்சரின் சூடுதான் கிளட்சை இழுக்கிறது. இழுவைத்திறனை அளக்கும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 சோதனையில் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தை ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். ஏசியும் ஏற்றமும் சேர்ந்ததுதான் குளிரூட்டும் அமைப்புக்குக் கடும் பரீட்சை.

படி 3: என்ஜின் நின்ற நிலையில் கையால் சோதனை

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், தொங்கும் துணி, செல்போன் கயிறு எதுவும் வேண்டாம். கிரில் வழியாகவும், என்ஜின் மூடியைத் திறந்து பின்பக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கும். நல்ல டார்ச் ஒன்று தேவை.

ஃபேனைக் கையால் சுற்றுங்கள். லேசான, சீரான பிடி இருக்க வேண்டும். மணல் அரைபடுவது போல உணர்ந்தால் கிளட்ச் பேரிங் போய்விட்டது. இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நுனியில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் கிளட்ச் அல்லது வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்திருக்கிறது. எது என்று பிரிக்க, புல்லியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஃபேனை மறுகையால் ஆட்டுங்கள். புல்லியும் சேர்ந்து ஆடினால் பம்ப்.

கிளட்சின் முகத்தில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாக எண்ணெய்க் கறை ஓடி, அதில் தூசி ஒட்டிக் கருப்பாகப் படிந்திருக்கிறதா? சிலிகான் எண்ணெய் கசிந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். லேசான ஈரப்பசை மட்டும் என்றால் துடைத்துவிட்டு 500 மைல் கழித்து மறுபடி பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு ஓட்டையைச் சுற்றிக் காய்ந்த கூலன்ட் தடம் இருந்தால் பம்ப் சீல் போகிறது. பம்ப் பேரிங்கும் அதைத் தொடர்ந்து போகும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஷ்ரவுடை மறக்காதீர்கள். உள்வளையத்தில் புதிதாகத் தேய்ந்த வெள்ளைக் கோடு தெரிந்தால் இறக்கை உரசுகிறது. மேலே மட்டும் அல்லது கீழே மட்டும் தேய்ந்திருந்தால் என்ஜின் மவுன்ட் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஷ்ரவுடைச் சீவி இடம் விடுவது தீர்வல்ல. இறக்கையின் அடிப்பகுதியில், உலோகத்தோடு சேரும் இடத்தில், முடிபோன்ற விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த வண்டியை அன்றே நிறுத்துங்கள். உடைந்த இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு வரும். ஒட்டுவது, வெல்டிங் வைப்பது எதுவும் கூடாது.

படி 4: சூடான நிலையில் சோதனை

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, என்ஜினை நிறுத்திய உடனே துணிக்கையுறை போட்டு ஃபேனைத் தள்ளுங்கள். இப்போது பிடி குளிர்ந்த நேரத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். தள்ளிவிட்டால் 5 சுற்றுக்கு மேல் தானாகச் சுழன்றால் கிளட்சில் எண்ணெய் இல்லை.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால் அட்டைச் சோதனை செய்யுங்கள். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஷ்ரவுட் ஓரமாக ஒரு வெப்பமானியின் உணர்கம்பியை, இறக்கையில் படாதபடி ஜிப் டையால் கட்டுங்கள். கிரிலின் முன்னால் அட்டையால் பெரும்பகுதியை மூடி, ஏசியை நிறுத்தி, 2,000 ஆர்பிஎம்மில் என்ஜினை ஓட்டுங்கள். உணர்கம்பி சுமார் 150 முதல் 195 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் காட்டும்போது ஃபேன் சட்டென்று இரைய வேண்டும். அட்டையை எடுத்தால் காற்றின் சூடு 20 டிகிரிபோல இறங்கியதும் இரைச்சல் அடங்க வேண்டும். கூலன்ட் 230-ஐ நெருங்கினால் இரைகிறதோ இல்லையோ சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து எண்களைப் பார்க்க, இன்னொருவர் வெளியே நிற்பதே முறை.

லேசர் டேக்கோமீட்டர் கையில் இருந்தால் பட்டைதீட்டியது போல விடை கிடைக்கும். புல்லியில் ஒரு ஒளிரும் ஸ்டிக்கர், ஃபேனில் ஒன்று ஒட்டி இரண்டின் வேகத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். பிடிக்காத நிலையில் ஃபேன் புல்லி வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். பிடித்த நிலையில் 70 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு நிலையிலும் ஒரே விகிதம் வந்தால் கிளட்ச் கெட்டது உறுதி.

டேக்கோமீட்டர் இல்லாவிட்டால் செல்போனில் ஒலி அலைவரிசை காட்டும் செயலி போதும். இறக்கை எண்ணிக்கையை ஃபேன் ஆர்பிஎம்மால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் ஃபேன் எழுப்பும் சுருதி வரும். 11 இறக்கை, 2,400 ஆர்பிஎம் என்றால் 440 ஹெர்ட்ஸ். ஆர்பிஎம்மோடு சேர்ந்து நகரும் உச்சம் இந்தக் கணக்கோடு பொருந்தினால் சத்தம் ஃபேனுடையது. பொருந்தாவிட்டால் வேறு எங்கோ தேடுங்கள்.

படி 5: பெல்ட்டைக் கழற்றி உறுதி செய்தல்

கரகரப்பு, கீச்சு, முனகல் மூன்றுக்கும் இதுதான் கடைசித் தீர்ப்பு. பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்துக்கொண்டு, டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். குளிர்ந்த என்ஜினை 30 விநாடி மட்டும் ஓட்டுங்கள். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்குமேல் வேண்டாம். சத்தம் போய்விட்டால் காரணம் பெல்ட் சுற்றும் ஏதோ ஒன்று. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். ஐட்லர் புல்லி (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் புல்லி) காய்ந்த சத்தத்தோடு நீண்ட நேரம் சுழன்றால் அதன் கிரீஸ் தீர்ந்துவிட்டது. ஆல்டர்னேட்டரும் ஏசி கம்ப்ரஸர் புல்லியும் இந்த வரிசையிலேயே உண்டு. மிகக் குறைந்த விலைப் பாகமான ஐட்லர் மிகப் பெரிய சத்தம் போடுவது வழக்கம்.

படி 6: காற்றுப் பாதையைச் சுத்தம் செய்தல்

இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று தோன்றும். உண்மைதான். ஆனால் சுத்தம் செய்துவிட்டு அளந்தால் முன்பு எவ்வளவு மோசமாக இருந்தது என்று தெரியாமல் போகும்.

இருட்டிய பிறகு ஃபேன் பக்கமிருந்து ஒரு வேலை விளக்கைக் காட்டி, முன்னாலிருந்து பாருங்கள். ஒளி சீராக வராமல் திட்டுத் திட்டாக இருண்டிருந்தால் அங்கே அடைப்பு. அடைப்பு பெரும்பாலும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளியில்தான் சேரும், முன்பக்கம் மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. மேல் பிராக்கெட்டுகளைத் தளர்த்தி இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் ஏற்படுத்துங்கள். அலுமினியத்துக்கு ஏற்ற மென்மையான கிளீனரைத் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டு, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை என்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கி நீங்களே ஒரு நிரந்தர அடைப்பை உண்டாக்கிவிடுவீர்கள். ஓரங்களில் இருக்கும் நுரை, ரப்பர் பட்டைகள் கிழிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். அவை இல்லையென்றால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும்.

கிளட்சைத்தான் மாற்ற வேண்டும் என்றால்

வி10-ல் கிளட்ச் வாட்டர் பம்ப் தண்டின்மேல் ஒரே பெரிய நட்டால் முறுக்கப்பட்டிருக்கும். இதற்கென்றே தட்டையான நீண்ட ஸ்பேனரும், புல்லியைப் பிடித்து நிறுத்தும் கருவியும் சேர்ந்த செட் உண்டு. அமெரிக்காவில் பல உதிரிபாகக் கடைகள் டெபாசிட் வாங்கிக்கொண்டு அதை இரவல் தரும். மரை எந்தப் பக்கம் திரும்பும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டே பலத்தைக் காட்டுங்கள், தவறான பக்கம் சுத்தியால் அடித்துப் பம்பையே கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் முகத்தை ஒட்டி ஒரு பிளைவுட் அல்லது கெட்டி அட்டையை நிறுத்தி வையுங்கள்.

பழைய கிளட்சும் சரி, புதியதும் சரி, தரையில் படுக்க வைக்கக் கூடாது. வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே செங்குத்தாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். பெட்டியில் படுத்த நிலையில் வந்த புதுக் கிளட்சை மாட்டி முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் இரைந்தால் பதற வேண்டாம். பைமெட்டல் சுருளைக் கையால் திருப்பிப் பார்க்காதீர்கள். ஃபேனைக் கிளட்சில் மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு தவணையாக இறுக்குங்கள்.

பின்பக்க டீசல் வண்டிகளில்

ரேடியேட்டர் வண்டியின் பின்முகத்தில் இருந்தால், ஃபேன் என்ஜின் பக்கத்துக் காற்றை ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும். தூசி சேரும் முகம் உள்பக்கத்தில், அதுவும் ரேடியேட்டருக்கு முந்தைய சார்ஜ் ஏர் கூலரின்மேல் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்). பின் கிரிலைத் திறந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பளம்போலப் படிந்திருக்கும். கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயிலிருந்து (என்ஜின் அடிப்பெட்டியின் ஆவியை வெளியேற்றும் குழாய்) சொட்டும் எண்ணெயை ஃபேன் இழுத்துத் தகடுகளில் பூசுவதுதான் மூல காரணம். அந்தக் குழாயை ஃபேனைத் தாண்டிக் கீழே நீட்டிவிடாமல் எத்தனை முறை கழுவினாலும் மறுபடி அடைக்கும்.

பக்கவாட்டில் ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் ஃபேனை ஹைட்ராலிக் மோட்டார் சுற்றும். இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: மின்கட்டுப்பாட்டு வகைகளில் பல, சிக்னல் அறுந்தால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்படி பாதுகாப்புக்காக அமைக்கப்பட்டவை. குளிர்ந்த என்ஜினிலேயே முழு வேகத்தில் இரைந்தால் மோட்டாரைத் திறக்காதீர்கள். முதலில் ஃபியூஸ், அடுத்து கன்ட்ரோல் வால்வுக்குப் போகும் கனெக்டர், பிறகு வெப்ப உணரி என்று பாருங்கள். கனெக்டர் பின்களில் பச்சைத் துரு இருப்பது சர்வ சாதாரணம். மாறாக, ஊளையிடுவது போன்ற கூர்மையான முனகல் கேட்டால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது. தொட்டியில் நுரை தெரிந்தால் காற்றுதான். எந்த எண்ணெய் ஊற்றுவது என்பது சேஸிக்குச் சேஸி வேறுபடும், சிலவற்றில் பவர் ஸ்டியரிங்கும் அதே தொட்டியைப் பகிரும். சேஸி கையேட்டைப் பார்க்காமல் கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். ஃபில்டரையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டியின் அடியில் நுழையும் முன் சேஸியை இரும்புத் தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜாக்கும் காற்றுப்பையும் தாங்கிகள் ஆகாது. காற்று இறங்கினால் வண்டி சில விநாடியில் பல அங்குலம் கீழே உட்கார்ந்துவிடும், அடியில் இருப்பவருக்கு நகர நேரம் கிடைக்காது.

எந்த வண்டியானாலும் வேலை முடிந்ததும் படி 2-ல் ஏறிய அதே மேட்டை, ஏறக்குறைய அதே வெயிலில், ஏசி போட்டு மறுபடி ஏறுங்கள். ஃபேன் எந்த வெப்பநிலையில் பிடித்தது, உச்ச வெப்பநிலை என்ன, எத்தனை நிமிடத்தில் அடங்கியது என்ற மூன்று எண்களையும் முந்தையவற்றின் பக்கத்தில் எழுதி, தாளைச் சேஸி கையேட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். 500 மைலில் பெல்ட்டின் இறுக்கத்தையும் ஃபேன் போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.